கிளேர்மான்ட் ஏரிக்கரை நாட்கள்

அக்டோபர் 23

மாப்பிள்ளை ஆபீஸ் போகிற வழியில், இங்கிலாந்தின் பழைய எஸ்டேட்டான கிளேர்மான்ட் தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டார். "நாள் பூரா அவ வயித்தையே பார்த்துக்கிட்டு உட்காராதீங்க அத்தை, அவளுக்குப் பயமாயிடுது." சரி. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினேன். மேட்டில், புல்லாலேயே வெட்டிய படிகள், வளைவு வளைவாக, மூன்று ஏக்கருக்கு. தெப்பக்குளத்துப் படிகளைத் தூக்கி மேட்டில் சாய்த்து வைத்த மாதிரி. தோட்டக்கலைஞர் சார்லஸ் பிரிட்ஜ்மேன் 1720களில் போட்டது. பின்னால் மரங்கள் மண்டி, அப்படி ஒன்று இருந்ததே கண்ணுக்குத் தெரியாமல் போய், 1970களில்தான் மறுபடி வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். அத்தனை வருஷம் உள்ளேயே பத்திரமாக இருந்திருக்கிறது. நினைக்க மனசுக்கு இதமாக இருந்தது.

அக்டோபர் 25

சொன்ன தேதி இன்றுதான். ஒன்றுமில்லை.

அக்டோபர் 27

கிளைவ்! எங்கள் ஆற்காட்டு கிளைவ்! 1751-இல் எங்கள் கோட்டைக்குள் ஐம்பது நாள் முற்றுகையில் கிடந்த அதே ஆள்தான் இந்த எஸ்டேட்டை வாங்கினான். இருந்த வீட்டை இடித்துவிட்டு, தோட்டம் போடுவதில் பேர்போன கேப்பபிலிட்டி பிரவுனை வைத்து மேட்டின்மேல் புது வீடு. போர்ட்ஸ்மத் ரோடு கிட்டத்தில் போகிறதென்று ரோட்டையே தள்ளிப் போட்டிருக்கிறார்கள். 1774-இல் செத்துப்போனான், அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. பேர் வாங்கியது எங்கள் ஊரில், பணம் அள்ளியது வங்காளத்தில், கொட்டியது இங்கே. எத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு ஆற்காட்டு முற்றுகை நடத்தினேன், பாலாற்றங்கரை டெல்லி கேட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். இந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கே தெரியாது. இப்போது அது பள்ளிக்கூடம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மக்கன் பேடா ஃப்ரிட்ஜில் அப்படியே இருக்கிறது. பிறந்த பிறகுதான் சாப்பிடுவாளாம்.

அக்டோபர் 29

அதே வீட்டில்தான். இங்கிலாந்து இளவரசி சார்லட், பட்டத்துக்கு வரவேண்டியவள், 21 வயது. தலைப்பிரசவம். அக்டோபரிலேயே பிறக்க வேண்டியது, தள்ளிப்போய் நவம்பர் 3 சாயங்காலம்தான் வலி கண்டது. ஐம்பது மணி நேரம். 5-ஆம் தேதி இரவு ஆண் குழந்தை. உயிரில்லை. விடிவதற்குள் அவளும் போய்விட்டாள். 1817. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ரத்தம் எடுத்து, சாப்பாட்டைக் குறைத்து வைத்திருந்தார்கள். ஆயுதம் போட்டு எடுக்கவும் இல்லை. பிரசவம் பார்த்த ரிச்சர்ட் கிராஃப்ட் அடுத்த பிப்ரவரியில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். தோட்டத்தில் உட்கார்ந்து டீ குடிக்கக் கட்டிக்கொண்டிருந்த சின்ன மண்டபத்தைப் புருஷன் லியோபோல்ட் அவளுடைய நினைவு மண்டபமாக்கினான். அந்த மண்டபமும் இப்போது இல்லை, இடம்தான் இருக்கிறது.

இதை ஏன் படித்தேன்.

அக்டோபர் 30

ஐம்பது மணி நேரம்.

அக்டோபர் 31

தீபாவளி. அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். உள்ளே இருப்பது நன்றாக உதைத்தது. என் உள்ளங்கையில் குதிகால் பட்டது, குதிகால்தான், எனக்குத் தெரியும்.

நவம்பர் 1

நடந்தால் வலி வருமென்று தானும் கிளம்பிவிட்டாள். வேண்டாமென்று சொல்ல ஒரு காரணமும் வாயில் வரவில்லை. வட்டக் குளமாக இருந்ததை இன்னொரு தோட்டக்கலைஞர் வில்லியம் கென்ட்தான் ஏரியாக்கி, நடுவில் தீவு விட்டு அதில் மண்டபம் வைத்தார் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். பேசிக்கொண்டே இருந்தால் அவள் கேட்கமாட்டாள் என்று. கேட்டாள். "அந்தப் பாதை எங்கம்மா போகுது?" ஈரம், வழுக்கும் என்றேன். கையைப் பிடித்துக் கமேலியாப் பக்கம் கூட்டிப்போனேன். லியோபோல்ட் காலத்துக் கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்தவை. வீடு போய்விட்டது, செடிகள் வெட்டவெளிக் குளிரிலேயே நிற்கின்றன. எல்லாம் மொட்டு. "குழந்தையைத் தூக்கிக்கிட்டு வரும்போது பூத்திருக்கும்" என்றாள். நான் செடியைத் தொட்டுக் கும்பிட்டேன். பார்த்துவிட்டாள், ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 2

துடிப்பு நன்றாக இருக்கிறது என்றாள் மிட்வைஃப். 5-ஆம் தேதி மருந்து வைத்து வலி வரவைப்பார்களாம். ஐந்தா? வேறு நாள் கேட்கக் கூடாதா என்றேன். மாப்பிள்ளை ஏன் என்றார். நாள் சரியில்லை என்று மட்டும் சொன்னேன். இருநூறு வருஷத்துக்கு முந்திய கதையை அவரிடம் எப்படிச் சொல்வது?

நவம்பர் 3

தோட்டத்துக்குப் போகவில்லை. ஐந்து மணி, ஆறு மணி, ஏழு மணி. வலி இல்லை. பத்து மணி. இல்லை. விளக்கேற்றி மறுபடி கும்பிட்டேன்.

நவம்பர் 4

விடிகாலை மூன்று பத்து. பனிக்குடம் உடைந்துவிட்டது. வலி ஏழு நிமிஷத்துக்கு ஒரு தரம். மூன்று பத்திலிருந்து எண்ணினால் ஐம்பது, வேண்டாம், எண்ணப்போவதில்லை. ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தேன், குடித்தாள். ஆஸ்பத்திரியில் போனை எடுத்துவிட்டார்கள், உடனே வரச் சொல்கிறார்கள். கம்பளிச் சாக்ஸ் பையில் வைத்தேனா? மாப்பிள்ளை காரை