வாடகை ஹாலில் விருந்தாளி விழுந்தார், கிளைம் எங்கள் சங்கத்துக்கு வந்தது

இங்கிலாந்தில் தமிழ்ப் பள்ளி, சங்கம், கோயில் விழா என்று ஹால் வாடகைக்கு எடுத்து நடத்துகிற யாருக்கும் இது வரலாம் என்பதால் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, ஒரு சின்னச் சங்கத்தின் செயலாளர்.

எங்கள் பொங்கல் விழாவில் சாப்பாடு கீழ்த்தளத்தில். முன்பக்கப் படியில் கூட்டம் நெருக்கியதால் பின்பக்கப் படியைத் திறந்துவிட்டு, பாதிப் பேரை அந்த வழியாக அனுப்பினோம். அங்கே பல்பு எரியவில்லை. ஓர் அம்மா, ஒரு கையில் பேரன், இன்னொரு கையில் கைப்பை, கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்திருக்கிறார், ஆனால் இன்னும் ஒரு படி இருந்தது. மணிக்கட்டு முறிந்துவிட்டது. எங்கள் ஆளே காரில் ஏ அண்ட் ஈ, அதாவது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனார், விபத்துப் புத்தகத்தில் அன்றைக்கே எழுதியும் வைத்தோம். சில மாதம் கழித்து அவருடைய சொலிசிட்டரிடமிருந்து (வக்கீல்) நஷ்டஈடு கேட்கும் கிளைம் படிவம் தபாலில் வந்தது. 1957ஆம் ஆண்டின் ஆக்குபையர்ஸ் லயபிலிட்டி சட்டப்படி (ஓர் இடத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் அங்கே வருகிறவர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்கிற சட்டம்) நாங்கள் பொறுப்பு, உடனே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள் என்று இருந்தது.

வாட்ஸ்அப் குழு அன்றிரவு கொதித்தது. "நம்ம பொங்கலைச் சாப்பிட்டுட்டு நம்ம மேலயே கேஸா?" என்று ஒருவர் போட்டார். சாப்பிடப் போகிற வழியில்தான் அவர் விழுந்தார், சாப்பிடவே இல்லை என்று எழுத நினைத்து விட்டுவிட்டேன். உண்மையில் அவர் கேர் ஹோமில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். கட்டுப் போட்ட கையோடு யாரையும் தூக்கிப் படுக்க வைக்க முடியாது, ஷிப்ட் போகாவிட்டால் வருமானம் போச்சு. மகள் எனக்குப் போன் செய்து, "அண்ணா, சங்கத்து மேல எங்களுக்குக் கோபமே இல்லை, இன்சூரன்ஸ்தான் கொடுக்கும்னு சொன்னாங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். அதற்காகத்தானே வருஷா வருஷம் பப்ளிக் லயபிலிட்டி பாலிசிக்கு, அதாவது வெளியாட்களுக்குக் காயம்பட்டால் நஷ்டஈடு கொடுக்கும் இன்சூரன்ஸுக்கு, பணம் கட்டுகிறோம். பாலிசி இல்லாத சங்கங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: கம்பெனியாகவோ, தனிச் சட்ட உருவம் உள்ள அறக்கட்டளையாகவோ பதிவு செய்யாத சங்கத்துக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஆளாக இருப்பே கிடையாது, கிளைம் கமிட்டிக்காரர்கள் தலையில் நேராக வந்து விழலாம்.

எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: ஹால் நம்முடையது இல்லையே, நாம் எப்படிப் பொறுப்பு? நானும் அதையேதான் இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டேன். அவர் 1966இல், அன்றைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த வீட் எதிர் லேக்கன் வழக்கைச் சொன்னார், அப்புறம் நானே தேடிப் படித்தேன். கிரேட் யார்மவுத்தில் ஒரு பப். சொந்தக்காரர் மதுபான நிறுவனம், நடத்துகிற மேனேஜர் குடும்பத்தோடு மாடியில் குடியிருக்கிறார், அவர் மனைவி கோடைகாலத்தில் பணம் வாங்கிக்கொண்டு விருந்தினர் வைத்துக்கொள்கிறார். அப்படி வந்து தங்கிய ஒருவர் இருட்டில் பின்பக்கப் படியில் விழுந்து இறந்துபோனார். கைப்பிடி கடைசிப் படி வரைக்கும் வரவில்லை, மேலே பல்பும் இல்லை. படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, எங்கள் கதையில் கைப்பிடி மட்டும்தான் வித்தியாசம். இடம் யாருக்குச் சொந்தம் என்பது முக்கியமில்லை, அதன் மேல் யாருக்குப் போதிய கட்டுப்பாடு இருக்கிறது என்பதே கேள்வி, அப்படி ஒரே நேரத்தில் இரண்டு பேர் இருக்கலாம் என்றது தீர்ப்பு. ஆனால் வழக்குப் போட்ட, இறந்தவரின் மனைவிக்கு வழக்கு ஜெயிக்கவில்லை. கைப்பிடி குட்டையாக இருந்தது மட்டும் அந்தப் படியை ஆபத்தாக்கிவிடவில்லை, பல்பை யாரோ முன்பின் தெரியாதவர் கழற்றியிருக்கலாம், அதற்கு நிறுவனம் பொறுப்பாக முடியாது என்று முடிந்தது. பொறுப்பு இருப்பது வேறு, அதில் தவறுவது வேறு. எங்கள் கமிட்டியில் பாதிப் பேருக்கு இது கடைசி வரை பிடிபடவில்லை.

சட்டம் கேட்பது இவ்வளவுதான்: வந்தவர் எந்த வேலைக்காக வந்தாரோ அதற்காக இடத்தைப் பயன்படுத்தும்போது ஓரளவு பத்திரமாக இருக்க, சூழ்நிலைக்கு ஏற்ற நியாயமான கவனம் எடுத்தீர்களா? யாரும் விழவே கூடாது என்று அது கேட்கவில்லை. குழந்தைகள் பெரியவர்களைவிடக் கவனம் குறைவாக இருப்பார்கள் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது, சனிக்கிழமைப் பள்ளி நடத்துகிறவர்கள் கவனிக்கவும்.

சரி, விசாரணைக்கு வருவோம். இந்த மாதிரி 25,000 பவுண்டுக்குள் உள்ள கிளைம்கள் முதலில் ஓர் ஆன்லைன் போர்ட்டல் வழியாகப் போகின்றன, பொறுப்பை ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல இன்சூரன்ஸுக்கு 40 வேலை நாள். அதற்குள் எங்களிடம் கேட்ட கேள்விகள் இருக்கிறதே! பின்பக்கக் கதவைத் திறக்கச் சொன்னது யார்? திறப்பதற்கு முன் யாராவது இறங்கிப் பார்த்தார்களா? பல்பு எப்போதிலிருந்து எரியவில்லை, ஹால்காரருக்கு யாராவது சொன்னார்களா? ரிஸ்க் அசெஸ்மென்ட் (என்னென்ன ஆபத்து வரலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பட்டியல்) எங்கே? எங்களிடம் இருந்தது ஒரு பக்கக் காகிதம், அதில் அடுப்பு, ஒயர், முதலுதவி எல்லாம் இருந்தது. பின்பக்கப் படி அன்றைக்கு எடுத்த முடிவு, காகிதத்தில் எப்படி இருக்கும்?

எங்களைக் காப்பாற்றியது வாடகை ஒப்பந்தம். விளக்கு, மின்சாரம், கட்டடப் பராமரிப்பு ஹால்காரர் பொறுப்பு, விழா நேரத்தில் ஆட்களை ஒழுங்குபடுத்துவது எங்கள் பொறுப்பு என்று தெளிவாகப் பிரித்திருந்தது. கூடவே, முந்தைய வாரம் அதே ஹாலில் வகுப்பு நடத்திய இன்னொரு குழு, பல்பு போய்விட்டது என்று ஹால் நிர்வாகத்துக்கு மெயில் போட்டிருந்தது தெரியவந்தது. ஹாலில் "உங்கள் சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்" என்று ஒரு பலகை மாட்டியிருப்பார்கள். தொழிலாக நடத்துகிற இடத்தில், கவனக்குறைவால் வரும் காயத்துக்கோ சாவுக்கோ அந்தப் பலகையைக் காட்டித் தப்பிக்க முடியாது. படியில் இருட்டு என்று எழுதி ஒட்டியிருந்தால்கூட, அந்த எச்சரிக்கையை வைத்து ஒருவர் உண்மையிலேயே பத்திரமாக இருக்க முடிந்திருக்குமா என்றுதான் பார்ப்பார்கள்.

எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது வேறு விஷயத்தில். "யாரும் அவரிடம் பேசாதீர்கள், தப்பை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்" என்று கமிட்டியில் ஒரு பேச்சு. விழுந்தவரைப் போய்ப் பார்க்காமல் இருக்க நம்மால் முடியுமா? 2006ஆம் ஆண்டு காம்பன்சேஷன் (நஷ்டஈடு) சட்டத்தில் இரண்டாம் பிரிவு, மன்னிப்புக் கேட்பதோ உதவ முன்வருவதோ மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது. இன்சூரன்ஸ்காரரும், போய்ப் பாருங்கள், யார் பொறுப்பு என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள் என்றார். நானும் மனைவியும் போனோம். ரசமும் பருப்புத் துவையலும் கொண்டுபோனோம், படியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் இன்சூரன்ஸ் முதலில் ஹால்காரர்தான் பொறுப்பு என்று மறுத்தது, அவர்கள் எங்களைக் கை காட்டினார்கள், அதோடு கிளைம் போர்ட்டலை விட்டு வெளியே வந்து மாதக்கணக்கில் இழுத்தது. அந்த அம்மா புடவை கட்டியிருந்தார், பேரனைப் பிடித்திருந்தார், அவர் மேலும் தப்பு, தொகையைக் குறைக்க வேண்டும் என்று ஒரு வாதம் வைத்தார்கள். அப்படிக் குறைக்க 1945 முதலே சட்டம் இருக்கிறது. ஆனால் பொங்கல் விழாவுக்குப் புடவை கட்டி வருவார்கள் என்று தெரியாதா என்ன! நல்லவேளை, அதை யாரும் பெரிதாகப் பிடித்துக்கொள்ளவில்லை. கடைசியில் இரண்டு இன்சூரன்ஸும் பங்கு போட்டுக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகாமல் முடித்தார்கள். பெரிய பங்கு ஹால்காரருடையது, முக்கியமாக அந்த மெயிலால். எங்களுக்கு அடுத்த வருஷம் பிரீமியம் ஏறியது.

இப்போது கதவு திறப்பதற்கு முன் ஒருவர் எல்லாப் படியும் இறங்கி ஏறி, ஒவ்வொரு விளக்கையும் போனில் படம் எடுத்துக் குழுவில் போடுகிறார். ஏதாவது எரியவில்லை என்றால் ஹால்காரருக்கு அங்கேயே மெயில், அந்த வழிக்குக் குறுக்கே நாற்காலி. விபத்துப் புத்தகத்தைத் தூக்கிப் போடுவதில்லை: பெரியவர்களுக்குக் கிளைம் போட 3 வருஷம், ஆனால் குழந்தைக்கு அந்தக் கணக்கு 18 வயதில்தான் தொடங்கும். ஆறு வயதுப் பிள்ளை இன்றைக்கு விழுந்தால் அந்தப் பக்கம் 15 வருஷம் அலமாரியில் இருக்க வேண்டும், அதனால் செயலாளர் மாறும்போது கணக்கு நோட்டோடு அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.