ஃபேக் ஐடி மேல எஃப்.ஐ.ஆர். வாங்கின கதை

பழைய வண்ணாரப்பேட்டையில இருக்கேன், கேரம் ஆடுவேன், சின்னப் பசங்களுக்குச் சொல்லியும் குடுப்பேன். என் போட்டோவ மார்ஃப் பண்ணி ஃபேக் ஐடி ஓட்டுனவன் மேல கேஸ் போட்டது எப்படின்னு நிறைய பொண்ணுங்க கேட்டுகினே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு மாள முடியல, அதனால மொத்தமா எழுதிடறேன். கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்குங்க.

நம்ம பக்கம் கேரம் எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். தெருவுக்கு ஒரு மன்றம், உள்ள ஒரு போர்டு, மேல தொங்குற லைட்டு, ராத்திரி எந்நேரம் வரைக்கும் ஸ்ட்ரைக்கர் சத்தம். ஆனா பொண்ணுங்க அந்த வாசப்படி ஏற முடியாது. 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த கேரம் வேர்ல்டு கப்ல நம்ம ஏரியா காசிமா மூணு கோல்டு ஜெயிச்சப்ப எங்க தெரு மன்றத்துக்காரங்களே பேனர் கட்டுனாங்க, பட்டாசு வெடிச்சாங்க. சந்தோஷம்தான். அதத்தான் ஒரு ரீல்ஸ்ல கேட்டேன், பேனர்ல பொண்ணு இருக்கலாம், போர்டாண்ட வந்து உக்காரக் கூடாதான்னு. பின்னாடி நான் ரெட்டும் ஃபாலோவும் போடறது ஓடிகினு இருக்கும், அவ்ளோதான் வீடியோ.

கமெண்ட்ல முதல்ல வந்தது வழக்கமான ஐட்டம், கிச்சனுக்குப் போ, ஃபெமினிஸ்ட் அக்கா வந்துட்டாங்க, மூஞ்சப் பாரு. அப்புறம் ஏரியாவ இழுத்தாங்க, லேடி புள்ளிங்கோன்னு மீம். அப்புறம் என்ன ஜாதியா இருக்கும்னு கெஸ் பண்ணி ஒரு கும்பல் சிரிச்சிச்சு. வட சென்னைப் பொண்ணுன்னா திட்டுறதுக்கு பயமே வேணாம்னு ஒரு நெனப்பு இருக்குதே, ஆம்பள மட்டும் இல்ல, நல்லா படிச்ச பொம்பளைங்களும் அதுல இருந்தாங்க, அதயும் சொல்லிடணும். இதெல்லாம் நான் கண்டுக்கல. ஒரு நாள் காலையில தெரியாத நம்பர்லருந்து போன் மேல போன், ரேட்டு எவ்ளோன்னு கேக்கறான். என் பேரு, என் நம்பர், ஏரியா, என் மூஞ்சிய வேற எவளோ உடம்புல ஒட்டின படம், எல்லாத்தையும் வெச்சு எவனோ ஒரு ஐடி ஓப்பன் பண்ணி வெச்சிருக்கான்.

எங்க அண்ணன் உடனே சொன்னது, ஐடிய டெலீட் பண்ணு, சிம்ம மாத்து. கோச் சொன்னது, கொஞ்ச நாளைக்கு வீடியோ போடாதம்மா. நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா யோசிச்சுப் பாருங்க, செஞ்சவன் ஐடி ஜாலியா அப்படியே இருக்கும், நான் மட்டும் காணாம போயிடணும். அம்மா எம்.சி. ரோட்டுல ஒரு கடைக்கு பிளவுஸ் தைக்கிறாங்க. அவங்க போன வாங்கி, கண்ணாடி போட்டுகினு, அந்தப் படத்த நல்லா பாத்தாங்க. எனக்கு உயிரே போச்சு. "இது உன் தோளே இல்லடி. கையப் பாரு, இவ்ளோ எறக்கமாவா இருக்குது உனுக்கு, அளவெடுக்கறவளுக்குத் தெரியாதா"ன்னாங்க. 2016-ல சேலம் பக்கத்துல ஒரு பொண்ணு இதே மாதிரி மார்ஃப் படத்தால உயிர விட்டா, பெத்தவங்களே நம்பலன்னு எழுதி வெச்சுட்டுப் போனா, ஞாபகம் இருக்கும். எனக்கு அந்த ஒரு விஷயத்துல அதிர்ஷ்டம்.

புளியந்தோப்புல லா படிக்கிற ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா. அவ ஃபர்ஸ்ட் கேட்டது, ரிப்போர்ட் அடிச்சிட்டியா, அடிக்காத, முதல்ல எல்லாத்தையும் எடுத்து வை. எல்லாரும் ஸ்க்ரீன்ஷாட் மட்டும்தான் எடுக்கறோம், அதுல லிங்க் கிடையாது. ப்ரொஃபைல் லிங்க்ல இருக்கறது வெறும் யூசர்நேம், அவன் பேர மாத்துனா அந்த லிங்க் செத்துடும், போஸ்ட் லிங்க் அப்படி இல்ல, அதனால ஒவ்வொரு போஸ்ட்டோட லிங்க்கும் தனித்தனியா காப்பி பண்ணி, தேதி நேரத்தோட ஒரு நோட்ல போட்டு வெச்சோம். அப்புறம் அந்த ஐடிய ஓப்பன் பண்றதுலருந்து கீழ வரைக்கும் ஸ்க்ரீன் ரெக்கார்டிங். வந்த கால் லிஸ்ட், வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்கல. கோர்ட்டுக்குப் போறப்ப பாரதிய சாட்சிய அதினியம், அதாவது புது சாட்சியச் சட்டம், பிரிவு 63-ன்னு ஒரு சர்டிஃபிகேட் வேணும், பழைய சட்டத்துல 65பி-ன்னு இருந்ததுதான் அது, எந்த போன்ல எப்படி எடுத்ததுன்னு எழுதிக் குடுக்கணும், அதனால ஒரிஜினல் போன வித்துடாதீங்க, ரீசெட் போடாதீங்க.

அதுக்கு அப்புறம்தான் ரிப்போர்ட். ஆப்லயே இருக்கற பட்டன அமுக்குனா, எங்க விதிமுறைய மீறலன்னு ஆட்டோமேட்டிக்கா ஒரு பதில் வருது. நிர்வாணப் படம், போன் நம்பர், இது மீறலயாம்! இங்கதான் முக்கியமான விஷயம், 2021 ஐ.டி. ரூல்ஸ், அதாவது தகவல் தொழில்நுட்ப விதிகள்படி ஒவ்வொரு பெரிய கம்பெனியும் இந்தியாவுல ஒரு குறைதீர் அதிகாரி வெச்சிருக்கணும், அவங்களுக்குன்னு தனி ஃபார்ம் இருக்கும், ஆப்ல தேடுனா எங்கயோ அடியில ஒளிஞ்சிருக்கும். அதுல விதி 3(2)(பி)-ன்னு நம்பரப் போட்டு எழுதுனோம். ஆபாசமா மார்ஃப் பண்ண படம், நம்ம பேர்ல ஆள்மாறாட்டம், இதுக்கெல்லாம் சம்பந்தப்பட்டவங்களே கம்ப்ளெயின்ட் குடுத்தா 24 மணி நேரத்துக்குள்ள நடவடிக்கை எடுக்கணும்னு அப்போ அந்த விதி சொல்லிச்சு, 2026 பிப்ரவரியில அந்த நேரத்த இன்னும் கொறச்சுட்டாங்க. ஐடி போயிடுச்சு. பட்டன் அமுக்குனப்ப மீறலா தெரியாதது விதி நம்பர் போட்டதும் மீறலாயிடுச்சு. ஒருவேள எடுக்கலன்னா 30 நாளுக்குள்ள மேல்முறையீட்டுக் குழுன்னு ஒண்ணு இருக்கு, 2023-லருந்து, ஆன்லைன்லயே போடலாம், எனக்கு அது தேவைப்படல.

அந்தப் படம் வேற ஐடில திரும்ப வராம இருக்க ஸ்டாப்என்சிஐஐன்னு ஒரு சைட் இருக்கு. படத்த அவங்களுக்கு அனுப்பத் தேவையில்ல, நம்ம போன்லயே அதுக்கு ஒரு ரேகை மாதிரி நம்பர் உருவாக்கி அத மட்டும் கம்பெனிங்களுக்குக் குடுப்பாங்க, அவங்க ஆப்ல அதே படம் ஏறுனா புடிச்சுக்கும். இதுல சேராத ஆப்புக்கு வேலைக்கு ஆவாது. பதினெட்டு வயசுக்கு மேல உள்ளவங்களுக்குத்தான் இது, சின்னப் பசங்களுக்கு டேக் இட் டவுன்னு வேற ஒண்ணு.

போலீஸ் மேட்டர். 1930-ன்னு இருக்கற சைபர் கிரைம் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணச் சொல்லி எல்லாரும் சொல்லுவாங்க, அது முக்கியமா பணம் போனா உடனே ட்ரான்ஸாக்‌ஷன நிறுத்தறதுக்கு. நம்ம கேஸுக்கு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் சைட்ல பெண்கள் குழந்தைகள் பிரிவு. அதுல பேர் சொல்லாமலும் குடுக்கலாம், ஆனா அப்படிக் குடுத்தா பின்னாடி என்ன ஆச்சுன்னு ட்ராக் பண்ண முடியாது. நான் பேர் போட்டே குடுத்தேன், நம்பர் வந்துச்சு, பிரிண்ட் எடுத்துகினு அம்மாவோட ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஸ்டேஷன்ல நடந்தத கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா பேஜாரே அங்கதான். ரைட்டர் பேப்பரக் குடுத்து எழுதச் சொன்னாரு, சொல்லச் சொல்ல எழுதுங்கன்னு. "நான் சமூக வலைதளத்தில் வீடியோக்கள் பதிவிடும் பழக்கம் உள்ளவள்"னு ஆரம்பிச்சாரு. பழக்கமாம், தண்ணி அடிக்கற மாதிரி. நான் எழுதல. சார், வீடியோ போட்டது கம்ப்ளெயின்ட் இல்ல சார், இந்தத் தேதியில இந்த லிங்க்ல என் படத்த மார்ஃப் பண்ணி என் நம்பரோட போட்டிருக்காங்க, அதுலருந்து ஆரம்பிக்கறேன்னேன். லேடி கான்ஸ்டபிள் ஒருத்தங்க, "ஏம்மா, இந்த மாதிரி டிரஸ்ல வீடியோ போட்டா..."ன்னு இழுத்தாங்க. கேரம் டீ-ஷர்ட்டு மேடம் அது, டோர்னமென்ட்ல குடுத்தது. எங்க போனாலும் கேள்வி நம்மகிட்டருந்துதான் ஆரம்பிக்குது. நீங்க எழுதற மனுவும் உங்ககிட்டருந்து ஆரம்பிச்சா அவ்ளோதான், மொத்த கேஸும் உங்களப் பத்தி ஆயிடும். வீட்லயே எழுதி, டைப் பண்ணி, ரெண்டு காப்பி எடுத்துகினு போங்க.

அப்புறம் பந்து விளையாட்டு. இது சைபர் கிரைம் பாக்கணும், அங்க போங்க. அங்க போனா, லோக்கல் ஸ்டேஷன்லயே குடுக்கலாமேம்மா. பி.என்.எஸ்.எஸ்.னு, பழைய சி.ஆர்.பி.சி.க்கு பதிலா வந்த புது சட்டம், அதோட 173-ல எந்த ஏரியாவுல நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவல் குடுக்கலாம்னு இருக்கு, அத ஃப்ரெண்டு பிரிண்ட் போட்டுக் குடுத்திருந்தா. எஃப்.ஐ.ஆர். உடனே போடலன்னாலும் சி.எஸ்.ஆர்.னு மனு வாங்கிகினதுக்குக் குடுக்கற ரசீது வாங்காம வராதீங்க, அது கையில இல்லன்னா நீங்க ஸ்டேஷனுக்கு வந்ததுக்கே அத்தாட்சி கிடையாது. மூணு வருஷத்துலருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றம்னா எஃப்.ஐ.ஆருக்கு முன்னாடி 14 நாளுக்குள்ள முதல்கட்ட விசாரணை பண்ணிக்கலாம்னு புது சட்டத்துல இருக்கு, அந்தக் கணக்குல கொஞ்சம் இழுத்துச்சு. ஐ.டி. ஆக்ட் கேஸ இன்ஸ்பெக்டருக்குக் கீழ இருக்கறவங்க விசாரிக்கக் கூடாது. அந்த இன்ஸ்பெக்டர் மேடம் என் லிங்க் லிஸ்ட்டப் பாத்துட்டுதான் நிமிந்து உக்காந்தாங்க, கம்பெனிக்கு எழுதிக் கேக்கறதுக்கு இதான் வேணும்னாங்க. ஐ.டி. ஆக்ட்ல 67 (ஆபாசம்), 66சி (அடையாளத் திருட்டு), பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த பி.என்.எஸ்.ல 78 (பின்தொடர்ந்து தொல்லை), 79 (பொண்ண அவமானப்படுத்தறது) போட்டாங்க. எஃப்.ஐ.ஆர். காப்பி ஃப்ரீ, கேட்டு வாங்கணும்.

நடுவுல ஏரியா பெரியவர் ஒருத்தரு, திட்டுன எல்லார் மேலயும் 66ஏ-ல போடும்மான்னு அட்வைஸ். 66ஏ-ன்னா நெட்ல மனசு புண்படற மாதிரி எதாச்சும் போட்டா உள்ள தள்ளலாம்னு ஐ.டி. ஆக்ட்ல இருந்த பிரிவு, அத சுப்ரீம் கோர்ட் 2015-லயே தூக்கிடுச்சு, அதுக்கு அப்புறமும் போலீஸ் போட்டுகினே இருந்ததால 2022-ல மறுபடி சொல்ல வேண்டியதாச்சு. அது போனது நல்லதுதான்னு நெனைக்கறேன். இருந்திருந்தா மன்றத்துக்காரங்களே என் வீடியோ மேல போட்டிருப்பாங்க.

ஆள் கெடைச்சான். என்னை நேர்ல பாத்ததே இல்ல, வேற ஜில்லா, காலேஜ் படிக்கிறான், ஒரு மீம் குரூப்ல பந்தயம் மாதிரி பண்ணிருக்கான். ஆனா என் நம்பர் அவனுக்கு எப்படிப் போச்சுன்னா, டோர்னமென்ட் என்ட்ரி லிஸ்ட்ட எவனோ போட்டோ எடுத்து போட்டிருக்கான், பேரு நம்பரு எல்லாத்தோடவும். அது எங்க ஆளுங்களுக்குள்ளதான் யாரோ. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல, அதே ஆளு கூட நான் டபுள்ஸ் ஆடிகினு இருக்கலாம்.

அந்தப் பையனோட அப்பா ஒரு நாள் ஆப்பிள் பையோட வீட்டுக்கு வந்தாரு, பையன் வாழ்க்கை போயிடும்மான்னு அம்மாகிட்ட அழுதாரு, பாவமாத்தான் இருந்துச்சு. அம்மா மெஷின நிறுத்திட்டு, "அந்தப் போட்டோவ நீங்க பாத்தீங்களா"ன்னு கேட்டாங்க. இல்லம்மான்னாரு. "அப்போ பாத்துட்டு வாங்க"ன்னு ஆப்பிளத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அவரு திரும்ப வரல.

அவன் போன் மயிலாப்பூர் ஃபாரன்சிக் லேபுக்குப் போயிருக்கு, சார்ஜ் ஷீட் இன்னும் போடல, அப்பப்ப போய்க் கேட்டுகினு இருக்கேன். நம்பர மாத்தல. இன்னமும் எப்பயாச்சும் அந்த மாதிரி கால் வருது, அம்மாகிட்ட குடுத்துடறேன், அவங்க நிதானமா, எந்த ஊருப்பா, வீட்ல யாரு இருக்காங்க, அம்மா நம்பர் குடுன்னு விசாரிக்க ஆரம்பிக்கறாங்க, அதுக்குள்ள கட் பண்ணிடறானுங்க.