சாமத்தியவீட்டு ரோல்

வீட்டில் எங்கேயாவது கழுவாத பிலிம் ரோல் கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். வன்னியில் இருக்கிறவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு இடப்பெயர்விலும் எங்கள் அல்பங்கள்தான் முதலில் கைவிடப்பட்டன. அரிசியையும் பிள்ளையையும் தூக்கியவர்களுக்கு அல்பம் தூக்க எங்கே கை இருந்தது? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில் உட்கார்ந்தபோது, அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் பிடித்திருந்த அம்மாமாரைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் மாமியிடம் இருந்ததும் அதுதான். முகம் மரத்துப்போன மாதிரி நேரே பார்க்கும் ஒரு படம். மாமா வாழ்க்கையில் அப்படி ஒரு முகத்தோடு இருந்ததே இல்லை.

எங்களிடம் மிஞ்சிய ரோல், 2006 ஜூலையில் மல்லாவியில் நடந்த தங்கச்சியின் சாமத்தியவீட்டில், அதாவது பூப்புனித நீராட்டு விழாவில் எடுத்தது. அப்பாவின் யாசிக்கா கமரா, கொடாக் கலர் பிலிம், 36 படம். யாழ்ப்பாணம் போகிற யாரிடமாவது ரோலைக் கொடுத்துவிட்டு, படமாகத் திரும்பி வரும்வரை காத்திருப்பது அப்போது எங்கள் வீட்டு வழக்கம். ஆகஸ்ட் 11ஆம் திகதி சண்டை தொடங்கி, யாழ்ப்பாணம் போகிற முகமாலைப் பாதை பூட்டுப்பட்டது. ரோல் அலுமாரியிலேயே தங்கிவிட்டது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த பைக்குள் அம்மா அந்த ரோலையும் போட்டுக்கொண்டார். கடைசிப் போரில் இடம்பெயர்ந்து போன மாத்தளன் கடற்கரை வரை அந்தப் பை அவரின் உடம்பை விட்டு இறங்கவில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு மாமாவைக் காணவில்லை. ரோல் எங்களோடு செட்டிக்குளம் முகாமுக்கு வந்து, திரும்ப மல்லாவிக்கும் வந்தது.

ஊர் திரும்பிய காலத்தில் வீடு கட்டுவதே பெரும்பாடு. அதற்குள் ஸ்ரூடியோக்களில் எல்லாம் டிஜிட்டல் வந்துவிட்டது. ஒரு கடையில் ரோலைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், “இதில ஒண்டும் வராது, எறியுங்கோ” என்றார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

என்னோடு பேராதனையில் படித்த நண்பர் ஒருவர் கொழும்பில் வீட்டிலேயே பிலிம் கழுவுகிறார். அவர்தான் எனக்கு அந்திரேயின் கதையைச் சொன்னார். 1897இல் வட துருவத்துக்குப் பலூனில் புறப்பட்ட சுவீடன்காரர். 1930இல் அவருடைய குழுவின் கடைசி முகாமைப் பனியில் கண்டெடுத்தபோது கூடவே பிலிமும் கிடைத்தது. 33 வருடம் கழித்துக் கழுவி, 240 படங்களில் 93ஐ மீட்டிருக்கிறார்கள். அதைக் காப்பாற்றியது பனிக்குளிர். எங்கள் ரோல் கிடந்ததோ தரப்பாள் கொட்டிலின் வெக்கையில். அவர் அதை மறைக்காமல் சொன்னார். ஆனாலும் “கொண்டு வாங்கோ” என்றார்.

கலர் பிலிமைக் கழுவும் முறைக்கு சி-41 என்று பெயர். 37.8 பாகை சூட்டில், உருவத்தை வெளிக்கொண்டுவரும் திரவமான டெவலப்பருக்குள் 3 நிமிடம் 15 செக்கன். மெசினில் போட்டால் நேற்று எடுத்த ரோலுக்கும் இதே கணக்குத்தான், 2006இல் எடுத்ததற்கும் இதே கணக்குத்தான். பழைய ரோலில் மறைந்திருக்கும் உருவம் மங்கிக்கொண்டே போகும், அதை மூடும் சாம்பல் படலமான புகைமூட்டம் ஏறிக்கொண்டே வரும். நிறங்களுக்கான மூன்று படைகளும் ஒரே அளவில் பழுதாவதும் இல்லை. அதனால் கறுப்பு வெள்ளை டெவலப்பரில் கழுவுவோமா என்று கேட்டார். நிறம் போய்விடும், முகம் தெளிவாக வர வாய்ப்புக் கூட. தங்கச்சியின் சேலை என்ன நிறம் என்று அம்மாவைக் கேட்டால் இப்போதும் சொல்வார். எங்களுக்கு வேண்டியது முகம். சரி என்றேன்.

வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, ரோலின் மூடியைக் கழற்றினார். பிலிம் சுருளுக்குள் சுருள் ஒட்டியிருந்தது. பிரியும் சத்தம் பைக்கு வெளியே எனக்கும் கேட்டது. இழுக்காமல், விரலால் தடவித் தடவிப் பிரித்தார். முதலில் ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டிக் கழுவிப் பார்த்தார். அதை வைத்து நேரத்தைக் கணித்த பிறகுதான் மிச்சத்தைத் தொட்டார். டெவலப்பர் எச்.சி.110, பழைய பிலிமில் புகைமூட்டத்தைக் குறைவாக வைத்திருக்கும் என்பதால். நெகட்டிவ் வெளியே வந்தபோது இருண்ட பழுப்பாக இருந்தது, எனக்கு நெஞ்சு அடைத்தது. கலர் பிலிமைக் கறுப்பு வெள்ளையில் கழுவினால் அப்படித்தான் இருக்குமாம், ஸ்கேன் பண்ணினால் பிரியுமாம்.

படம் எடுத்து முடித்து ரோலைத் திருப்பிச் சுற்றும்போது முதல் படங்கள் வெளிச்சுற்றுக்கு வரும், கடைசிப் படங்கள் நடுவுக்குள் போகும். ஈரமும் வெளிச்சமும் முதலில் தொடுவது வெளிச்சுற்றை. மாமா தங்கச்சிக்குத் தண்ணீர் வார்த்த படங்கள் எல்லாம் முதலில் எடுத்தவை. அவற்றில் வெறும் சாம்பல். ஆனால் பந்தி முடிந்து, மிச்ச பிலிமை முடிக்கவேண்டும் என்று அப்பா சும்மா எடுத்தவை நடுவுக்குள் பத்திரமாக இருந்தன. கிடாரத்துக்குப் பக்கத்தில் மாமா. தோளில் துவாய், கையில் பெரிய அகப்பை, பக்கத்தில் யாரோ சொன்னதற்கு வாய் திறந்து சிரிக்கிறார். கீழ்வரிசையில் பல் இல்லாத இடம்கூடத் தெரிகிறது. மாமா காணாமற்போனபோது அவரின் மகள், என் மச்சாள், கைக்குழந்தை. போனில் படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, “அப்பா சிரிச்சா எனக்கு மாதிரியே கன்னத்தில குழி விழுகுது” என்றாள். மாமி இனிப் போராட்டத்துக்குக் கொண்டுபோகப் போவது இந்தப் படத்தைத்தான்.

உங்களிடம் ரோல் இருந்தால் கமராவின் பின்மூடியைத் திறக்காதீர்கள். பிலிம் வெளியே இருந்தால் இழுத்துப் பார்க்காதீர்கள். காற்றுப் புகாத பையில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். எடுத்த உடனே பையைத் திறந்தால் பிலிமில் ஈரம் பூக்கும், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். கொடுக்கிற இடத்தில் நெகட்டிவைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

விசுவமடுவில் மாமியின் அயல்வீட்டில் ஒரு கொனிக்கா ரோல் இருக்கிறதாம். அடுத்த கிழமை கொழும்புக்குக் கொண்டுபோகிறேன். மல்லாவி, துணுக்காய் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், சேர்த்தே கொண்டுபோகலாம்.