பக்கக்காற்றில் தரையிறங்கும்போது ஓடுபாதை எங்கே தொலைகிறது?

சிறிய விமானம் பக்கக்காற்றில் இறங்கி ஓடுபாதையின் கடைசி முனையைத் தாண்டிவிட்டால், எல்லோரும் முதலில் கேட்பது “பிரேக் பிடிக்கவில்லையா?” என்றுதான். பெரும்பாலும் பிரேக்குக்கு வேலை வருமுன்பே பாதி ஓடுபாதை போயிருக்கும்.

காற்றுக்குப் பயந்து விமானி கூட்டிக்கொள்ளும் வேகம்தான் முதல் குற்றவாளி. செஸ்னா 172 போன்ற விமானத்தை 62 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) வேகத்தில் கொண்டுவர வேண்டிய இடத்தில் 72 வைத்தால், தரையில் ஓடும் தூரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறதே. அதைவிட மோசம், சக்கரம் தொடாமல் மிதப்பது. அந்த வேகத்தில் ஒரு வினாடிக்கு 120 அடி ஓடுபாதை கீழே நழுவுகிறது. காற்று வீச்சு வீச்சாக அடித்தால் வேகம் கூட்டத்தான் வேண்டும். ஆனால் வீச்சுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி போதும். 10 நாட் காற்று 18 வரை எகிறினால் கூட்ட வேண்டியது 4 நாட்தான்.

இன்னொன்று, கண்ணில் படாமல் நுழையும் பின்காற்று. ஓடுபாதை 09 (அதாவது 90 டிகிரி, கிழக்கு நோக்கி இறங்குவது), காற்று 200 டிகிரியிலிருந்து 15 நாட் என்று வையுங்கள். பக்கவாட்டுப் பங்கு 14 நாட். விமானத்தின் கையேட்டில் சோதித்துக் காட்டியதாக உள்ள 15-க்குள் அடங்குகிறது, பரவாயில்லை என்று தோன்றும். அதே காற்றில் 5 நாட் பின்னாலிருந்து தள்ளுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2 நாட் பின்காற்றுக்குத் தூரம் 10 சதவீதம் கூடும் என்கிறது கையேடு. அப்படியானால் 25 சதவீதம் போயிற்று. மறுமுனையில் இறங்கியிருந்தால் அதே 5 நாட் எதிர்காற்றாக உதவியிருக்கும்.

சக்கரம் தொட்ட பிறகும் இறக்கை எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும்வரை பிரேக் மிதித்துப் பயனில்லை. டயர் பூட்டிக்கொண்டு தேயும். ஐலரானைக் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) காற்று வரும் பக்கம் படிப்படியாக முழுவதும் திருப்பி, ஃபிளாப்பை (கீழிறக்கினால் தூக்குவிசையைக் கூட்டும் இறக்கை மடல்) மேலேற்றினால் எடை சக்கரத்துக்கு வரும். (மடங்கும் சக்கரமுள்ள விமானத்தில் ஓடும்போதே ஃபிளாப்பைத் தேடாதீர்கள். அவசரத்தில் கை தவறான நெம்புகோலுக்குப் போகும்.) வேகம் குறையக் குறைய ரடர் (வாலிலுள்ள திசைதிருப்பி) வலுவிழக்கும், மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். அப்போது ஒரு பக்க பிரேக்கால் நேராக்க வேண்டியிருப்பதால் நிறுத்தும் திறன் இன்னும் குறைகிறது. ஈர ஓடுபாதை என்றால் கேட்கவே வேண்டாம்: டயரின் காற்றழுத்தம் 36 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 36 பவுண்டு) என்றால் சுமார் 54 நாட்டிலேயே டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கலாம்.

ஓடுபாதையின் முதல் மூன்றிலொரு பங்குக்குள் சக்கரம் தொடாவிட்டால் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது) என்று இறங்கத் தொடங்குமுன்பே முடிவு செய்துவிட வேண்டும். முழு த்ராட்டில் (எஞ்சினுக்கு முழு விசை), ஃபிளாப் 20 டிகிரிக்கு, ஏறத் தொடங்கிய பிறகு மீதி ஃபிளாப்பையும் மேலேற்றுவது. பிரேக் மிதித்துப் பாதி வேகம் இழந்தபின் மனம் மாறி மேலே கிளம்புவதுதான் உயிரைக் குடிக்கும். 20 நாட்டில் வேலியில் மோதுவதைவிட, 50 நாட்டில் மரத்தில் மோதுவதில் ஆறு மடங்கு ஆற்றல் இருக்கிறது. வெளியே போவது உறுதியானால் மிக்ஸ்ச்சர் குமிழை (எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்துவது) இழுத்து எஞ்சினை அணையுங்கள், எரிபொருள் வால்வை மூடுங்கள், மாஸ்டர் சுவிட்சை நிறுத்துங்கள், கதவின் தாழை விடுவியுங்கள்.

புரொபெல்லர் மண்ணைத் தொட்டிருந்தால், அதில் வளைவு தெரியாவிட்டாலும் எஞ்சினைப் பிரித்து கிராங்க்ஷாஃப்ட்டைச் (புரொபெல்லரைச் சுழற்றும் எஞ்சின் தண்டு) சோதிக்காமல் மறுபடி பறக்கக் கூடாது.