சுவிஸ் குடியுரிமைத் தேர்வுக்கு நான் படித்த விதம்

முதல் தடவை எனக்கு 28 வந்தது. 30 வந்திருந்தால் பாஸ்.

சூரிச் மாநிலத்தில் குடியுரிமை கேட்பவர்களுக்கு அடிப்படை அறிவுத் தேர்வு ஒன்று வைப்பார்கள். 50 கேள்விகள். பதில்கள் கீழேயே இருக்கும், சரியானதைத் தெரிவு செய்ய வேண்டும். 350 கேள்விகள் கொண்ட ஒரு தொகுப்பில் இருந்துதான் அந்த 50 கேள்விகளும் வரும். தொகுப்பை யாரும் எடுத்துப் படிக்கலாம், ஒளிவு மறைவு எதுவும் இல்லை. நான் அதை அச்செடுத்து, முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து ரயிலில் வரும்போது பாடமாக்கினேன். ஊரில் ஓ.எல். சோதனைக்குப் படித்த அதே முறை. கேள்வியின் முதல் சொல்லைப் பார்த்தால் பதில் நினைவுக்கு வர வேண்டும் என்று பழகினேன். சோதனை மண்டபத்தில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தொகுப்பைத் திறந்து பார்த்தால், நாட்டின் மிக உயரமான மலை எது என்ற கேள்விக்கு மாட்டர்ஹோர்ன் என்று போட்டிருக்கிறேன். காலண்டரில், சாக்லேட் பெட்டியில், எங்கே பார்த்தாலும் அந்த மலைதானே இருக்கிறது.

விண்ணப்பிக்கும் வேலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 சட்டத்தின்படி பத்து வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும், கையில் சி அனுமதி, அதாவது நிரந்தரமாக வசிக்கும் அனுமதி, இருக்க வேண்டும். டொச் (ஜெர்மன்) மொழியில் பேச்சு பி1 நிலை, எழுத்து ஏ2 நிலை. கடைசி மூன்று வருடத்தில் சமூக உதவிப் பணம் எடுத்திருக்கக் கூடாது, கடன் வழக்கு இருக்கக் கூடாது. ஊரில் இருந்து பிறப்புச் சான்றிதழ் எடுப்பித்து மொழிபெயர்க்க வேண்டும். நான் 2010இல் வந்தவள், இவை எல்லாம் என்னிடம் சரியாக இருந்தன. தடையாக நின்றது தேர்வு மட்டும்தான்.

இரண்டாம் தடவைக்குப் படிக்க உட்கார்ந்தபோது, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, நீங்க கேள்வியைத்தான் படிக்கிறீங்க. படத்தைப் பார்க்கேல்லை" என்றான். தன் பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தைக் கொண்டு வந்து மேசையில் விரித்தான். அன்றிரவு தொடங்கிய படிப்பைத்தான் நான் இங்கே சொல்ல விரும்புகிறேன். இந்தத் தேர்வுக்கு ஆயத்தம் செய்கிற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் நான் சொல்வதும் இதுதான்: முதலில் வரைபடத்தைப் பாருங்கள், தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

நாங்கள் இருப்பது லிம்மாத் ஆற்றங்கரை. மகன் எங்கள் ஊரில் விரலை வைத்தான். லிம்மாத் சூரிச் ஏரியில் இருந்து புறப்படுகிறது. 35 கிலோமீட்டர் அளவில் ஓடி, ஆர்கௌ மாநிலத்தில் பிரூக் ஊருக்குப் பக்கத்தில் ஆரெ ஆற்றில் விழுகிறது. ரொய்ஸ் ஆறும் அந்த இடத்துக்குக் கிட்டத்தான் வந்து சேர்கிறது. ஆரெ அங்கிருந்து வடக்கே போய் கோப்லென்ஸ் என்ற ஊரில் ரைன் நதியோடு கலக்கிறது. அந்த இடத்தில் ரைனைவிட ஆரெயில்தான் தண்ணீர் கூட, ஆனால் பெயர் நிற்பது ரைனுக்கு. பிறகு பாசல், அதைத் தாண்டி ஜெர்மனி, ஒல்லாந்து, கடைசியில் வடகடல். பத்து வருடத்துக்கு மேலாகத் தினமும் பாலத்தில் நின்று பார்த்த தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் பிரூக் பக்கம் போய், கரையோரமாக நடந்து அந்த இடத்தைப் பார்த்தோம். அந்தப் பகுதியை டொச்சில் தண்ணீர்க் கோட்டை என்று சொல்கிறார்கள். ஆல்ப்ஸ் மலையின் வடபக்கத்தில் விழுகிற மழையிலும் பனியிலும் பெரும்பங்கு அங்கே வந்துதான் சேர்கிறது. ஆறுகள் சத்தம் போடாமல் ஒன்றாகின. கணவர் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வவுனிக்குளம் பக்கம் வயல் செய்த குடும்பம், தண்ணீரைக் கண்டால் நின்று பார்ப்பார்.

வீட்டுக்கு வந்து மற்ற ஆறுகளையும் விரலால் பிடித்துப் போனோம். நாட்டின் நடுவில் கோத்தார்ட் மலைப்பகுதி. ரைன், ரோன், ரொய்ஸ், திச்சினோ நான்கும் அந்த வட்டாரத்தில்தான் பிறக்கின்றன. ரோன் மேற்கே போய் ஜெனீவா ஏரிக்குள் நுழைந்து, பிரான்ஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. திச்சினோ தெற்கே இறங்கி இத்தாலியின் போ நதியில் சேர்கிறது. கிழக்கு மூலையில் பிறக்கும் இன் ஆறு தன்யூப்பில் கலந்து கருங்கடல் மட்டும் போகிறது. இந்த நான்கு வழியும் மனதில் நின்ற பிறகு மொழிக் கேள்விகளுக்கு நான் தனியாகப் படிக்கவே இல்லை. திச்சினோ இறங்கும் பக்கம் இத்தாலியன். ரோன் வெளியே போகும் பக்கம் பிரெஞ்சு. வடக்கே ரைன் பக்கம் டொச். கிழக்கே கிராவ்புண்டன் மலைகளுக்குள் ஒதுங்கிய பள்ளத்தாக்குகளில் ரோமான்ஷ். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவர்கூட ரோமான்ஷ் பேசுவதில்லை, ஆனாலும் 1938இல் வாக்கெடுப்பு வைத்து அதைத் தேசிய மொழி ஆக்கினார்கள். அந்த வரியை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போட்டேன். மொழிப் பிரச்சினை என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அது சும்மா கடந்துபோகிற வரி அல்ல.

41,285 சதுர கிலோமீட்டர்தான் நாடு. அதில் பத்தில் ஆறு பங்கு ஆல்ப்ஸ், ஒரு பங்கு யூரா மலை. மிச்சம் மூன்று பங்கு நடுச் சமவெளி. ஜெனீவாவில் இருந்து சூரிச் தாண்டி நீளும் அந்தச் சமவெளியில்தான் மூன்றில் இரண்டு பங்கு சனம் இருக்கிறது. மலைக்குள் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தன்பாட்டில் வாழ்ந்திருக்கிறது. 26 மாநிலங்களும் ஏன் வந்தன என்று வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும்.

இந்த 26 தான் என்னைக் கனநாள் குழப்பியது. சில இடங்களில் 23 என்று வரும், பாராளுமன்றத்தின் மேலவையில் 46 பேர் என்று வரும். இதைத் தீர்த்து வைத்தது ஒரு நாணயம். இரண்டு ஃபிராங்க் காசில் ஹெல்வேசியா என்ற பெண் ஈட்டியும் கேடயமுமாக நிற்பாள், அவளைச் சுற்றி நட்சத்திரங்கள். கைப்பையில் இருந்த காசையெல்லாம் மேசையில் கொட்டி, மகனின் பூதக்கண்ணாடியை வைத்து எண்ணினோம். புதுக் காசில் 23. அழுக்கேறிய ஒரு பழைய காசில் எண்ணினால் 22 தான் வந்தது. திரும்ப எண்ணினோம், 22 தான். ஆண்டைப் பார்த்தால் 1978. யூரா மாநிலம் பிறந்தது 1979இல், காசில் அதற்கு ஒரு நட்சத்திரம் சேர்த்தது 1983இல். 26 மாநிலங்களில் ஆறு அரை மாநிலங்கள், இரண்டு சேர்ந்துதான் ஒரு நட்சத்திரம். 20 உம் 3 உம் 23. மேலவைக்கு முழு மாநிலம் இரண்டு பேரையும் அரை மாநிலம் ஒருவரையும் அனுப்பும், அதனால் 46. மூன்று எண்ணும் ஒரே காசுக்குள் இருந்தன.

யூராவின் கதையையும் தேடி வாசித்தேன். பிரெஞ்சு பேசும் அந்தப் பகுதி டொச் பேசும் பெரும்பான்மையுள்ள பேர்ண் மாநிலத்தில் இருந்து பிரிய வேண்டும் என்று பல காலம் போராடியது. தீ வைப்புகளும் நடந்தன. ஆனால் முடிவு வந்தது வாக்குப்பெட்டியில். 1974இல் அந்தப் பகுதி மக்கள் வாக்களித்தார்கள், 1978இல் முழு நாடும் வாக்களித்துச் சம்மதித்தது. சமஷ்டி என்ற சொல்லை நான் சின்ன வயதில் இருந்து கேட்கிறேன், கூட்டங்களில், பத்திரிகையில், வீட்டு வாசலில் பெரியவர்கள் கதைக்கும்போது. அது கையில் பிடிக்கக்கூடிய ஒரு காசில் ஒரு நட்சத்திரமாக வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை. அந்த 1978 காசை நான் இன்னும் செலவழிக்கவில்லை.

சரி, மலைக்கு வருகிறேன். மிக உயரமான முனையின் பெயர் துஃபூர்ஷ்பிட்சே. 4,634 மீட்டர், இத்தாலி எல்லைக்குக் கிட்ட மொன்டே ரோசா மலையில் இருக்கிறது. மாட்டர்ஹோர்ன் 4,478 தான். துஃபூர்ஷ்பிட்சேயை முன்பு உயர்ந்த முனை என்றுதான் சொன்னார்கள். 1863இல் கியோம் ஆன்ரி துஃபூர் என்ற தளபதியின் பெயரை வைத்தார்கள். யார் இந்தத் துஃபூர் என்று பார்க்கப்போய், தொகுப்பில் தனித்தனியாகக் கிடந்த பல விஷயங்கள் ஒரே மனிதரிடம் வந்து நின்றன. நாடு முழுவதையும் சரியாக அளந்து 25 தாள்களில் முதல் வரைபடம் போட்டவர் அவர். ஒவ்வொரு மாநிலப் படையும் தன் தன் கொடியோடு போன காலத்தில், எல்லோருக்கும் பொதுவாகச் சிவப்பில் வெள்ளைச் சிலுவைக் கொடி வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவர்தான். 1840இல் அது நிறைவேறியது.

1847 நவம்பரில் இங்கே ஒரு உள்நாட்டுப் போர் நடந்தது. கத்தோலிக்க மாநிலங்கள் ஏழு தனிக்கூட்டணி அமைத்தன. அவர்களுக்கு எதிரான படையை நடத்தியவர் துஃபூர். காயப்பட்டவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் காக்க வேண்டும் என்று தன் படையினருக்குக் கட்டளையிட்டார். போர் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. இறந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். அடுத்த வருடம், 1848இல், இந்த நாட்டின் அரசியலமைப்பு வந்தது.

அவர்தான் 1863இல் ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர். சுவிஸ் கொடியின் நிறத்தை மாற்றிப் போட்டால் செஞ்சிலுவைக் கொடி. இதுவும் தொகுப்பில் ஒரு வரியாக இருக்கிறது. 2009இல் புதுமாத்தளன் கடற்கரையில் காயப்பட்டவர்களை ஏற்ற வந்த கப்பலில் நான் பார்த்தது அந்தக் கொடியைத்தான். தம்பியை அதில் ஏற்றி அனுப்பினோம். அந்த வரிக்கு மட்டும் மகன் என்னிடம் கேள்வி கேட்கவில்லை, நானே அவனுக்குச் சொன்னேன்.

கொடி பற்றி இன்னொன்று. நாட்டுக் கொடிகளில் சதுரமானவை இரண்டுதான், சுவிஸ் கொடியும் வத்திக்கான் கொடியும். சிலுவையின் நான்கு கைகளும் ஒரே அளவு, ஒவ்வொரு கையும் அகலத்தைவிட நீளத்தில் ஆறில் ஒரு பங்கு கூட. கடலே இல்லாத நாட்டுக்கும் கடலில் ஓடும் கப்பல்கள் இருக்கின்றன, அவற்றில் மட்டும் நீள்சதுரக் கொடி.

தேசிய கீதத்தை நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கும் 92 வயது அம்மா ஒருவரிடம் படித்தேன். 1841இல் அல்பெரிக் ஸ்வீஸிக் என்ற துறவி இசையமைத்த பாட்டு, அதிகாரபூர்வமாக ஏற்றது 1981இல்தான். காலையில் அவருக்குத் தலை சீவிவிடும்போது முதல் பாட்டை அழகாகப் பாடிக் காட்டினார். இரண்டாவது பாட்டைக் கேட்டேன். "முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதுக்கு ராகத்தை மட்டும் முணுமுணுப்போம்" என்றார். தேசிய நாளான ஓகஸ்ட் 1 அன்று இல்லத்தில் விளக்குக் கூடுகள் கட்டி எல்லோரும் பாடியபோது பார்த்தேன், அப்படியேதான் நடந்தது.

அவருடைய அடையாள அட்டையில் ஊர் என்று எமெந்தால் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் இருந்தது. நீங்கள் அங்கேயா பிறந்தீர்கள் என்று கேட்டேன். "இல்லை, நான் அங்கே இருந்ததே இல்லை. அப்பாவுடைய அப்பா அங்கிருந்து வந்தவர். இங்கே எல்லோருக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு" என்றார். டொச்சில் அதற்கு ஹைமாட்ஓர்ட் என்று பெயர். சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் போடுவதில்லை, இந்தச் சொந்த ஊரைத்தான் போடுகிறார்கள். புங்குடுதீவைக் கண்ணால் காணாமலே கொழும்பில் வளர்ந்து, தன்னைப் புங்குடுதீவு என்று சொல்லும் எங்கள் ஆட்களை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவை 46 வந்தது.

அப்புறம் ஊர்ச் சபை மண்டபத்தில் நேர்முகம். ஐந்து பேர் இருந்தார்கள். நடுவண் அரசில் எத்தனை அமைச்சர்கள், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குப் போவதுண்டா, பக்கத்து ஊர்கள் எவை என்று கேட்டார்கள். ஏழு என்றேன், போவேன் என்றேன், ஊர்களைச் சொன்னேன். கடைசியில் ஒருவர், நாட்டில் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்றார். தண்ணீர்க் கோட்டை என்றேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். தாள் ஒன்று வாங்கி, எங்கள் ஊரில் இருந்து வடகடல் மட்டும் கோடு போட்டுக் காட்டினேன். டொச்சில் இரண்டு இடத்தில் பால்விகுதி பிழைத்தது, எனக்கே தெரிந்தது. ஒருவரும் திருத்தவில்லை.

ஊர், மாநிலம், நடுவண் அரசு மூன்றும் சம்மதித்து முடிய, விண்ணப்பம் கொடுத்து இரண்டு வருடத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது. கடவுச்சீட்டு தபாலில் வந்தது. 2022இல் இருந்து வரும் புது வடிவம், பக்கங்களில் மலையின் உயரக் கோடுகள் ஓடுகின்றன. மகன் முதலில் தேடியது எங்கள் மாநிலத்துப் பக்கத்தை.

இரவு கிளிநொச்சிக்கு அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"பிறந்த இடம் கிளிநொச்சி எண்டு போட்டிருக்கோ?"

"பிறந்த இடம் போட மாட்டினம் அம்மா. சொந்த ஊர்தான் போடுவினம்."

"அப்ப என்ன ஊர் போட்டிருக்கு?"

பெயரை வாசித்தேன். அம்மா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தா, வாயில் வரவில்லை.

"அங்க குளம் இருக்கோ பிள்ளை?"

"ஏரி இருக்கு. அதிலை இருந்துதான் எங்கட ஆறு வருது."

"இரணைமடு அளவு வருமோ?"

"அதைவிடப் பெரிசு அம்மா."

"அப்ப சரி" என்றா.