நாலாம் வேற்றுமைக்குள்ள போய் ஒளிஞ்ச மூணு வேற்றுமை

சனிக்கிழமை காலைல ஜெர்மன் வகுப்பு முடிஞ்சதும் எல்ஆர்டி ரயில் புடிச்சு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வந்து அம்மாகூட பசியாறுறது வழக்கம். போன வாரம் தோசைத்தட்டு பக்கத்துலயே நோட்டையும் விரிச்சு வச்சுட்டேன், ஏன்னா ஒரு விஷயம் மண்டைய குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. 'மிட் டேம் புஸ்'னா பஸ்ஸுல போறது, 'அவுஸ் டேம் புஸ்'னா பஸ்ஸுலேர்ந்து வெளிய, 'இன் டேம் புஸ்'னா பஸ்ஸுக்குள்ள (பேசும்போது 'இம் புஸ்'னு சுருங்கிரும்). மூணுக்கும் அதே 'டேம்', அதாவது டேட்டிவ், நம்ம கணக்குல நாலாம் வேற்றுமை. ஒருத்தருக்கு குடுக்குறதுக்குன்னு இருக்குற வேற்றுமைக்கு இங்க என்ன வேலை?

அம்மா தமிழ்ப்பள்ளியில முப்பது வருஷம் சொல்லிக்குடுத்தவங்க. "ஐ, ஆல், கு, இன், அது, கண்"னு ஒரே மூச்சுல ஒப்பிச்சுட்டு, "அப்ப அவங்களுக்கு ஆலும் இன்னும் கண்ணும் எங்க போச்சும்மா?"ன்னாங்க.

அதுதான் சரியான கேள்வி. ஜெர்மனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் மூலமா இருந்த பழைய மொழியில வேற்றுமை எட்டுன்னுதான் மொழியியல்காரங்க சொல்றாங்க, நம்ம மாதிரியேதான். இன்னைக்கு ஜெர்மன்ல மிச்சம் நாலு. கூப்பிடுற விளி வேற்றுமை எழுவாயோட சேந்துருச்சு. இடத்த சொல்றது (நம்ம கண்), நீங்குறத சொல்றது (நம்ம இன்), கருவிய சொல்றது (நம்ம ஆல்), மூணும் டேட்டிவ்குள்ள கரைஞ்சு போச்சு. அதனாலதான் மிட், அவுஸ், இன் மூணுக்கும் பின்னாடி 'டேம்' வந்து நிக்குது, முன்னாடி அதுங்க வேற வேற வீட்டுப் புள்ளைங்க.

ஏன் கரைஞ்சுச்சுன்னா, ஜெர்மானிய மொழிகள்ல அழுத்தம் சொல்லோட முதல் அசையிலேயே நிலைச்சுருச்சு, அதனால வால் பக்கம் மெலிஞ்சுக்கிட்டே வந்துச்சு. சுமார் 1,200 வருஷத்துக்கு முன்னாடி 'டகா'ன்னா நாள்கள், 'டகோ'ன்னா நாள்களோட, 'டகும்'னா நாள்களுக்கு. கி.பி. 1200 வாக்குல பாத்தா முதல் ரெண்டும் 'டகெ'ன்னு ஒண்ணாயிருச்சு, மூணாவது 'டகென்'. நமக்கு நாள், கள், உக்குன்னு தனித்தனி துண்டு, ஒண்ணு தேஞ்சாலும் இன்னொண்ணு நிக்கும், ஆனா அங்க பன்மையும் வேற்றுமையும் ஒரே எழுத்துக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்ததால அது தேஞ்சா எல்லாமே போச்சு. 'அந்த'ன்னு சுட்டிக்காட்ட இருந்த டேர், டேன், டேம் எல்லாம் பெயருக்கு முன்னாடி வர்றது அதுக்குள்ள பழக்கமாயிருச்சு, வேற்றுமை பாரம் முக்காவாசி அதுங்க தலையில ஏறிருச்சு. ஆர்ட்டிக்கிள்னு சொல்ற இந்த டேர், டேன், டேம மனப்பாடம் பண்ணச் சொல்றப்ப எனக்கு எரிச்சலா இருக்கும், இப்ப இல்ல, வேற்றுமைய காப்பாத்தி வச்சிருக்கிறதே அதுங்கதான்.

இது நம்ம பேச்சுலயும் நடக்குதே. 'பஸ்ஸுல வந்தேன்'னு கருவிக்கு இடத்தோட உருபு போடுறோம், 'அம்மாவோட வந்தேன்', 'அம்மாவோட வீடு' ரெண்டுக்கும் ஒரே 'ஓட'. அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பிள்ளைங்க கட்டுரையில இதத்தான் சிவப்பு மையில திருத்திக்கிட்டு இருந்தேன்"னாங்க. அங்கயும் திருத்துறாங்கம்மா, மழையாலன்னு சொல்ல 'வேகென் டெஸ் ரேகென்ஸ்'னு ஆறாம் வேற்றுமையில எழுதணும், ஜனங்க 'வேகென் டேம் ரேகென்'னு பேசிட்டுப் போறாங்க, அதயும் டேட்டிவ் இழுத்துக்கிட்டு இருக்கு.

செத்துப்போன கருவி வேற்றுமை சில சொல்லுல அடையாளமே தெரியாம உயிரோட இருக்கு. உதாரணத்துக்கு இன்னைக்குன்னு சொல்ற 'ஹொய்ட்டெ', அது 'ஹியு டகு'ங்குற ரெண்டு சொல் ஒட்டினது, கடைசி 'உ'தான் அந்த பழைய உருபு. நோட்டுல இத படிச்சதும் அம்மா பேனாவ வாங்கி, ஹொய்ட்டெக்கு பக்கத்துல அவங்க அழகான கையெழுத்துல 'இந்நாளால்'னு எழுதி, 'ஆல்'க்கு கீழ மட்டும் ஒரு கோடு போட்டாங்க.