கம்பத்தில் பட்டது கணக்கில் இல்லை

பனித்தளத்தில் ஆடும் ஹாக்கியை நான் முதன்முதலில் பார்த்ததே சம்பளத்துக்காகத்தான். 2019 மே மாதம். குன்னூர் பெட்போர்டில் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில், ஐரோப்பிய நிறுவனம் ஒன்றுக்காக விளையாட்டுப் புள்ளிவிவரங்களைப் பதிவு செய்யும் சிறிய அலுவலகம் இருந்தது. பன்னிரண்டு பேர் வேலை பார்த்தோம். அதுவரை கால்பந்தும் கைப்பந்தும்தான் எங்களுக்கு வந்துகொண்டிருந்தன. அந்த மாதம் ஸ்லோவாக்கியாவில் ஆண்களுக்கான உலக ஐஸ் ஹாக்கிப் போட்டி தொடங்க இருந்தது. 16 நாடுகள், 64 ஆட்டங்கள், பிராட்டிஸ்லாவா, கோஷிட்ஸே என இரண்டு நகரங்கள். கோஷிட்ஸேயில் நடக்கும் ஆட்டங்கள் எங்கள் குழுவுக்கு வந்தன.

ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். எனக்கு முதலில் பழக வேண்டியிருந்தது அந்த வெண்மை. நீலகிரியில் பிறந்தவர்களுக்கு உறைபனி என்றால் நஷ்டம். டிசம்பரிலும் ஜனவரியிலும் தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் புல்வெளி சர்க்கரை தூவியது போல இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுப்பார்கள். அதே பனி விழுந்த தேயிலைச் செடி, வெயில் ஏறியதும் தீயில் வாட்டியது போலக் கருகிப்போகும். அப்படிப்பட்ட பனியை 60 மீட்டர் நீளத்துக்கும் 30 மீட்டர் அகலத்துக்கும் வேண்டுமென்றே உறையவைத்து, அதன்மேல் இத்தனை ஆண்கள் இத்தனை வேகத்தில் ஓடுவதைப் பார்க்க மனம் கொஞ்சம் தடுமாறத்தான் செய்தது. நம் நாட்டிலும் லடாக்கில் குளங்கள் உறைந்ததும் பிள்ளைகள் மட்டையோடு இறங்கிவிடுவார்கள் என்பதையும், சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் இந்தியா 1989-லேயே உறுப்பினராகிவிட்டது என்பதையும் அந்தப் பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன்.

வேலையைச் சொல்கிறேன். ஒரு ஆட்டத்துக்கு மூன்று பேர். ஒருவர் யார் உள்ளே வருகிறார், யார் வெளியே போகிறார் என்பதை மட்டும் பார்ப்பார். ஒருவர் தண்டனைகளையும் ஆட்டம் நிற்கும் இடங்களையும் பதிவார். மூன்றாவது ஆள் நான். கோலை நோக்கி அடிக்கப்படும் ஒவ்வொரு அடியும் என் பொறுப்பு. அடித்தவரின் எண், தளத்தில் எந்த இடம், எந்த நொடி, என்ன ஆனது என்று நான்கு விவரங்களையும் அடுத்த அடி விழுவதற்குள் பதிந்தாக வேண்டும். பக் என்பது ஓர் அங்குலத் தடிமனுள்ள கறுப்பு ரப்பர் வட்டு. எடை 170 கிராமுக்குள்தான். ஆட்கள் கூட்டமாக நிற்கும்போது திரையில் அதைக் கண் பிடிப்பதில்லை. கோல்கீப்பரின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் பக் எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது நாளில் அந்தப் பழக்கம் வந்தது. அதன் பிறகு நான் ஆட்டத்தைப் பார்த்ததே கோல்கீப்பர்களின் உடம்பு வழியாகத்தான்.

ஐஸ் ஹாக்கியில் ஒரு வீரர் களத்தில் இருக்கும் நேரத்தை ஷிஃப்ட் என்கிறார்கள். நாற்பது, ஐம்பது நொடிகள்தான். அதற்குள் உடம்பில் உள்ளதையெல்லாம் செலவழித்துவிட்டு வேலியைத் தாண்டிப் பெஞ்சில் வந்து விழுவார்கள். அடுத்தவர் குதித்து இறங்குவார். ஆட்டம் நிற்காமலே ஆள் மாறும். எங்கள் ஷிஃப்ட் எட்டு மணி நேரம். எஸ்டேட்டில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல் நெருக்கமானது. ஒவ்வொரு பகுதியும் முடியும்போது அரங்கில் ஊதும் ஒலியும் அப்படித்தான். தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு போலவே இருக்கும். அதைக் கேட்ட முதல் இரவு, என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

எதை அடியாக எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதுதான் பயிற்சியில் பெரும்பகுதி. கோல்கீப்பர் தடுக்காமல் இருந்திருந்தால் உள்ளே போயிருக்குமா? போயிருக்கும் என்றால் அது கோலை நோக்கிய அடி. நடுவில் ஒரு தடுப்பாட்டக்காரர் விழுந்து தன் உடம்பில் வாங்கிக்கொண்டால் அது அந்தக் கணக்கில் வராது. கம்பத்தில் பட்டுத் தெறித்தாலும் வராது. அரங்கம் முழுவதும் கேட்கும்படி கம்பம் அதிரும், பார்ப்பவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள், கோல்கீப்பர் திரும்பிக் கம்பத்தைப் பார்ப்பார். தாளில் அது கோலுக்கு வெளியே போன அடிகளோடு சேர்ந்துவிடும். ஒரு விரற்கடை உள்ளே பட்டிருந்தால் கோல்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அப்பா ஓர் எஸ்டேட்டில் 31 ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து எடை எழுதுவதுதான் அவர் வேலை.

"கம்பத்தில் பட்டது கணக்கில் இல்லையா, கண்ணு?"

"இல்லை அப்பா. விதி அப்படி."

"அடித்தவன் கை வலித்திருக்குமே" என்றார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். மழைக் காலத்தில் கொழுந்து நனைந்திருக்கும். ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள். கழிப்பதில் நியாயம் உண்டு, தண்ணீருக்கு யாரும் கூலி கொடுக்க முடியாது. ஆனால் எவ்வளவு கழிப்பது என்பது தராசுக்குப் பக்கத்தில் நிற்பவரின் மனத்தைப் பொறுத்தது. நனைந்து, அட்டை கடித்த கால்களோடு முதுகில் மூட்டையைச் சுமந்து வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த இரண்டு கிலோ எவ்வளவு பெரியது என்பது அந்த மனத்துக்குத் தெரியாது. 12 கிலோ 700 கிராம் என்று தராசு காட்டினால் 12 என்று எழுதச் சொன்ன மேலாளர்கள் உண்டு. அப்பா 12.7 என்றே எழுதினார். அதற்காக இருமுறை வேறு டிவிஷனுக்கு மாற்றப்பட்டார். அம்மா இன்றும் அதைச் சொல்லிக் கோபப்படுவார். அப்பா பதில் சொல்வதில்லை.

இப்படிப்பட்டவரின் மகள் முதல் வாரத்திலேயே பொய்க் கணக்கு எழுதினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பிரிட்டன் அணி 25 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் நிலைப் போட்டிக்கு வந்திருந்தது. கனடா, அமெரிக்கா, பின்லாந்து எல்லாம் இருந்த பிரிவில் மாட்டிக்கொண்டது. ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் பென் பௌன்ஸ் மீது அடிகள் ஆலங்கட்டி மழை போல விழுந்தன. தடுப்பார், எழுவார், மறுபடி தடுப்பார். அவருடைய தோளையே பார்த்துக்கொண்டு இரவுகளைக் கழித்த எனக்கு மனம் இளகிவிட்டது. கோலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த பக்கை அவர் கையுறையில் பிடித்தால், விதிப்படி அது தடுப்பு ஆகாது. நான் தடுப்பு என்று எழுதினேன். ஒன்று, இரண்டு, பிறகு பழக்கமாகிவிட்டது. இரக்கத்தில் செய்வது தவறாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் குழுத் தலைவர் கோத்தகிரிக்காரர். அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் காணொளியை ஓடவிட்டு, ஏழு இடங்களில் நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. "இந்த ஏழும் அவருக்கு வேண்டாம்மா. அவர் உண்மையாகத் தடுத்தவையே போதுமான அளவு இருக்கின்றன. நாம் சேர்த்துக் கொடுத்தால், அவற்றையும் யாரும் நம்பமாட்டார்கள்" என்றார். ஏழையும் நானே அழித்தேன். அன்று வீட்டில் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. 12.7-ஐ 12 என்று எழுதுவதற்கும் 12-ஐ 13 என்று எழுதுவதற்கும் என்ன வேறுபாடு என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வேறுபாடு உண்டுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தராசின் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த உரிமை இல்லை.

அதே பிரிட்டன், ஆறு ஆட்டங்களையும் தோற்றுவிட்டுக் கடைசியாகப் பிரான்ஸைச் சந்தித்தது. தோற்றவர் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். பிரான்ஸ் 3-0 என்று முன்னால் போனது. அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் பென் டேவிஸ் அடித்த கோலால் 4-3 என்று பிரிட்டன் ஜெயித்தது. நான் அந்த கோலின் எண்ணையும் நொடியையும் பதிந்த பிறகுதான் அழுதேன். வரிசை முக்கியம். அண்ணா பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

இரண்டாவது தவறு மே 23 அன்று நடந்தது. மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள் அது. காலையிலிருந்து குன்னூரில் டீக்கடை, பஸ் நிலையம், மார்க்கெட் எங்கும் எண்ணிக்கைப் பேச்சுதான். அலுவலகத்திலும் கீழ்க்கடைத் தொலைக்காட்சியின் சத்தம் மாடிவரை கேட்டுக்கொண்டிருந்தது. அன்று இரவு எங்களுக்குக் காலிறுதி. கனடாவும் சுவிட்சர்லாந்தும். சுவிட்சர்லாந்து 2-1 என்று முன்னணியில் இருந்தது. கடைசி நிமிடம். கனடா தன் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கியிருந்தது.

எங்கள் மென்பொருளில் ஆட்டம் முடிந்தது என்று அறிவிக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திய நொடியில் விவரம் வாடிக்கையாளர்களுக்குப் போய்விடும். வேகமாக அனுப்புகிறவர்கள் என்று எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரின் மேல் எனக்கு ஆசை இருந்தது. கடிகாரத்தில் ஒரு நொடிக்கும் குறைவாக இருப்பதைப் பார்த்தேன். இனி என்ன நடந்துவிடப்போகிறது? அழுத்திவிட்டேன். விரல் பொத்தானில் இருக்கும்போதே, டேமன் செவர்சன் அடித்த பக் கோல்கீப்பர் லியோனார்டோ ஜெனோனியைத் தாண்டிக் கோட்டைக் கடந்தது. நடுவர்கள் காணொளியைப் பார்த்தார்கள். கோல்தான். மீதம் இருந்தது 0.4 நொடி. சர்வதேச ஆட்டத் தாளில் கடந்த நேரத்தைத்தான் எழுதுவார்கள். அதன்படி அந்த கோலின் நேரம் 59:59.

என் கணக்கில் சுவிட்சர்லாந்து அரையிறுதிக்குப் போய்விட்டிருந்தது.

அண்ணா ஓடிவந்து ஐரோப்பாவுக்குத் தொலைபேசியில் பேசி, மூடிய ஆட்டத்தைத் திறக்கச் செய்தார். ஆறு நிமிடம் ஆனது. அதற்குள் நான் கைவிரல்கள் மரத்துப்போக ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தேன். கூடுதல் நேரத்தில் மார்க் ஸ்டோன் அடித்துக் கனடா 3-2 என்று ஜெயித்தது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது, ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள். அது நியாயம். என்னை உறுத்தியது வேறு. பெஞ்சில் எழுந்து நின்று தழுவிக்கொள்ளக் காத்திருந்த சுவிஸ் வீரர்களின் முகம் அந்த 0.4 நொடியில் மாறியதை நான் பார்க்கவே இல்லை. அந்த நேரத்தில் என் கண் பொத்தானில் இருந்தது.

விடியற்காலை மூன்று மணிக்கு வேனில் இறங்கியபோது, பாதையின் வளைவில் மூன்று காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அப்பா டார்ச்சோடு சற்றுத் தள்ளி நின்றார். அவை நகர்ந்து போகும்வரை இருவரும் அசையாமல் காத்திருந்தோம். அந்த இருட்டில்தான் நடந்ததைச் சொன்னேன். "சங்கு ஊதவில்லையே கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

இறுதி ஆட்டம் மே 26, நம் நேரப்படி இரவு 11.45. பிராட்டிஸ்லாவா ஆட்டம்தான், ஆனாலும் இரட்டைச் சரிபார்ப்புக்காக எங்களுக்கும் கொடுத்திருந்தார்கள். சிம்ஸ் பூங்காவின் சீசன் கூட்டத்தில் மாட்டி நான் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். கனடாவும் பின்லாந்தும். மே 10 அன்று நான் பதிந்த முதல் நாள் ஆட்டமும் இதே இரண்டு அணிகள்தான், அன்று பின்லாந்து 3-1. வட அமெரிக்கத் தேசிய லீகில் ஆடிப் பெயர் பெற்றவர்கள் பின்லாந்து அணியில் மிகச் சிலரே. கனடா முதலில் ஷே தியோடர் மூலம் ஒரு கோல் போட்டது. பிறகு பின்லாந்தின் தலைவர் மார்கோ அன்டிலா, இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான மனிதர், ஒன்று அடித்தார், மூன்றாம் பகுதியில் இன்னொன்று அடித்தார். ஹாரி பெசோனன் மூன்றாவதைப் போட்டார். மறுபடியும் 3-1.

என் கண் முழுவதும் பின்லாந்தின் கோல்கீப்பர் கெவின் லாங்கினன் மீதுதான். கனடா அடித்துக்கொண்டே இருந்தது. 43 தடுப்புகள். ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை, ஒன்றைக்கூட விடவில்லை. சங்கு ஊதியது, கையுறைகளும் மட்டைகளும் பறந்தன, பிறகுதான் பொத்தானை அழுத்தினேன். அந்த இரவு நாங்கள் வேகமானவர்களாக இல்லை.

அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் நடக்கவேண்டிய போட்டி கொரோனாவால் ரத்தானது. விளையாட்டே நின்றபோது எங்கள் அலுவலகமும் நின்றது. இப்போது நான் குன்னூரிலேயே ஒரு கூரியர் கிளையில் கணக்கு பார்க்கிறேன். 2021-லும் 2022-லும் அதே இரண்டு அணிகள் இறுதியில் மோதின. ஆளுக்கொரு முறை ஜெயித்தன. முடிவை மட்டும் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த இறுதி ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா விழித்திருந்தார். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"யார் ஜெயித்தது?"

"பின்லாந்து, அப்பா. 3-1."

"தோற்றவர்கள் எத்தனை அடி அடித்தார்கள்?"

"44."

"அத்தனையும் எழுதினாயா?"

"எழுதினேன்" என்றேன். அப்பா டீயை வடிகட்டி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.